பழைய காரின் உட்புற பெயிண்ட்: அசல் நிறத்தைக் கண்டுபிடித்துப் பொருத்துவதற்கு முழுமையான வழிகாட்டி

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்க எடுத்தால், வெளி நிறத்துக்குப் பெரும்பாலானோர் மெனக்கெடுகிறார்கள். ஷேடு கார்டு தேடுவார்கள், நாலு பேரிடம் கேட்பார்கள், பானலில், அதாவது சின்ன சோதனைத் தகட்டில், அடித்துப் பார்ப்பார்கள். உட்புறம் என்று வந்ததும், வெளியே அடித்ததில் மிச்சம் இருப்பதையே டேஷ்போர்டுக்கும் அடித்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கண் எதிரே நிற்பது டேஷ்போர்டும், ஜன்னல் ஓரத்து இரும்புச் சட்டமும், ஸ்டியரிங்கைத் தாங்கும் தண்டான ஸ்டியரிங் காலமும்தான். வண்டிக்காரர் தினமும் பார்ப்பது அந்த நிறத்தை. அது தப்பாக இருந்தால், எவ்வளவு செலவு செய்திருந்தாலும் உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கும்.

இந்த வழிகாட்டி 1950 முதல் 1975 வரையிலான கார்களை மனதில் வைத்து எழுதியது. பெயிண்ட் அடித்த இரும்பு உள்ளே தாராளமாகத் தெரிந்த காலம் அது. 1930, 40களின் சில அமெரிக்க கார்களில் இரும்பு மேலேயே மர வரி போட்டிருப்பார்கள். அது தனிக் கலை, இங்கே எடுக்கவில்லை.

முதல் படி: எந்த வருடத்து நிறம் வேண்டும்?

பெயிண்ட் கடைக்குப் போகும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். தொழிற்சாலையை விட்டு வண்டி வெளியே வந்த நாளில் இருந்த நிறமா, அல்லது இன்று வண்டிக்குள் மிச்சம் இருக்கும் அசல் பொருட்களோடு ஒத்துப்போகும் நிறமா? இரண்டும் ஒன்றல்ல.

சீட், டோர் பேட், மேல் லைனிங் எல்லாம் அசலாகவே இருந்து, நல்ல நிலையில் வயதாகியிருந்தால், பக்கத்தில் புத்தம் புதிய தொழிற்சாலை நிறத்தை அடித்ததும் அந்த அசல் ரெக்சின் அழுக்காகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த மாதிரி வண்டியில் ஒரு சட்டம், ஒரு கிளவ் பாக்ஸ் மூடி என்று சின்ன வேலைதான் என்றால், இன்று கண்ணுக்குத் தெரிகிற நிறத்துக்கே பொருத்துவது சரி. முழு உட்புறத்தையும் கழற்றிப் புதிதாகச் செய்கிறீர்கள் என்றால் தொழிற்சாலை நிறத்துக்கே போங்கள். பாதி இது, பாதி அது என்று போனால் இரண்டு பக்கமும் கெடும்.

கூடவே ஒரு விஷயம். புதிய ரெக்சினும் கார்ப்பெட்டும் வாங்கப் போகிறீர்கள் என்றால் அவற்றை முதலில் வாங்குங்கள். பெயிண்டை ஒரு சொட்டு சேர்த்து மாற்றிக்கொள்ளலாம், ரெக்சினை மாற்ற முடியாது. தொழிற்சாலைக் காலத்திலேயே ரெக்சின், பிளாஸ்டிக், கார்ப்பெட், பெயிண்ட் எல்லாம் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. புது வண்டியிலேயே அவை நூலிழை கூடப் பிசகாமல் ஒத்துப்போனதில்லை. அதனால் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். ஒரே குடும்பம் என்று தெரிந்தால் போதும்.

இரண்டாம் படி: குறியீடுகளைப் படியுங்கள்

வெளி நிறக் குறியீடும் உட்புறக் குறியீடும் பெரும்பாலும் தனித்தனி. 1965 ஃபோர்டு மஸ்டாங் நல்ல உதாரணம். டிரைவர் பக்கக் கதவின் விளிம்பில் உள்ள தகட்டில் வெளி நிறத்துக்கு ஒரு எழுத்து இருக்கும்: எம் என்றால் விம்பிள்டன் ஒயிட், ஜே என்றால் ரங்கூன் ரெட், ஏ என்றால் ரேவன் பிளாக். டிரிம், அதாவது சீட் உள்ளிட்ட உட்புற அலங்காரத்தின் குறியீடு தனி எண்: 22 நீலம், 25 சிவப்பு, 26 கறுப்பு. வெள்ளை வண்டிக்குள் 25 இருந்தால் டேஷ்போர்டு இரும்பு சிவப்பு. அந்தச் சிவப்பு ரங்கூன் ரெட் அல்ல, உட்புறத்துக்கென்றே கலந்த வேறு சிவப்பு. 42 என்றிருந்தால் சீட் வெள்ளை, ஆனால் டேஷ்போர்டும் கார்ப்பெட்டும் நீலம். சீட்டைப் பார்த்து டேஷ்போர்டுக்கும் வெள்ளை அடித்துவிட்டால் அந்த வண்டியின் குணமே போய்விடும்.

ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் என்ஜின் அறையின் பின்சுவரில் ஒரு தகடு ஆணியடித்திருக்கும். அதிலும் டிரிம் ஒரு இடம், பெயிண்ட் ஒரு இடம். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வேறு மாதிரி. 50, 60களின் பீட்டில்களில் டேஷ்போர்டு இரும்பும் வெளி நிறமும் ஒன்றே. எல் 87 என்ற குறியீடுள்ள பேர்ல் ஒயிட் வண்டியென்றால் உள்ளேயும் அதே. 1962ல் வந்த எம்ஜிபியின் ஆரம்ப கார்களில் டேஷ்போர்டு கறுப்பு, ஆனால் சுருக்கம் விழுந்த கிராக்கிள் பெயிண்ட். அங்கே நிறம் பார்ப்பதை விட அந்தச் சுருக்கத்தின் அளவைப் பார்ப்பதுதான் வேலை. எம்ஜி, ஆஸ்டின், மோரிஸ் போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு இங்கிலாந்தின் கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. பதிவில் இருந்தால் வெளி நிறமும் டிரிம் நிறமும் அதிலேயே வந்துவிடும்.

அந்தக் காலத்தில் டிட்ஸ்லர், டுபான்ட் போன்ற பெயிண்ட் கம்பெனிகள் பட்டறைகளுக்காக ஷேடு அட்டைகள் போட்டன. உட்புற நிறங்களைத் தனிப் பகுதியாகவே கொடுத்திருப்பார்கள். அசல் அட்டை கையில் கிடைத்தால் பொக்கிஷம். ஆனால் அட்டையும் வயதாகும், மூடிய புத்தகத்துக்குள்ளும் மஞ்சளாகும். அதை ஸ்கேன் எடுத்து போனில் பார்த்து நிறம் முடிவு செய்யவே கூடாது.

தகடு தொலைந்த வண்டிகளும், கைமாறிக் கைமாறி வந்தவையும் நம் ஊரில் நிறைய. மதராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, உத்தரபாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட் 1100 என்று எதை எடுத்தாலும் மூன்று நான்கு முறை பெயிண்ட் அடித்திருப்பார்கள். அங்கே நமக்கு மிச்சம் இருக்கும் ஆவணம் அந்த இரும்புதான். குறியீடு கிடைத்தாலுமே என் கட்சி இரும்பின் பக்கம். காகிதம் ஒன்று சொல்லி, யாரும் கை வைக்காத மூலையில் உள்ள பெயிண்ட் வேறு சொன்னால், பெயிண்டை நம்புங்கள்.

மூன்றாம் படி: கை படாத பெயிண்டைத் தேடுங்கள்

வெயில், கை எண்ணெய், சிகரெட் புகை, பழைய மறுபூச்சு, இந்த நான்கும் எட்டாத இடம் வேண்டும். தேட வேண்டிய இடங்கள்:

- கிளவ் பாக்ஸைக் கழற்றினால் தெரியும் டேஷ்போர்டின் பின்விளிம்பு
- ஸ்பீடோமீட்டர், கடிகாரம், ரேடியோ மூடித் தகடு ஆகியவற்றின் வளையம் மறைத்த இடம்
- சாம்பல் கிண்ணத்தின் அடிப்பகுதி
- கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் வாஷருக்கு அடியில்
- சன் வைசர் பிராக்கெட், உட்புறக் கண்ணாடியின் அடித்தகடு
- ஜன்னல் சட்டத்தின் உள்மடிப்பு, ரப்பர் பீடிங் மூடிய ஓரம்
- ஸ்டியரிங் காலத்தைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு உள்ளே

ஒரே இடத்தை நம்ப வேண்டாம், குறைந்தது மூன்று இடமாவது பாருங்கள். தொழிற்சாலையில் டேஷ்போர்டு மடிப்புகளுக்குள் பெயிண்ட் மெலிதாகத்தான் விழுந்திருக்கும். அடியிலுள்ள பிரைமர் எட்டிப் பார்த்தால் நிறம் மாறித் தெரியும். முழுதாக மூடிய இடமே நமக்கு வேண்டும்.

மறுபூச்சு நடந்திருந்தால் அடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் 400 நம்பர் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டு வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்து, பிறகு 800, 1200 என்று நைசாக்குங்கள். நடுவில் இரும்பு தெரியும், அதைச் சுற்றி ஒவ்வொரு அடுக்கும் வளையமாக வரும். இரும்பை ஒட்டி பிரைமர், அதற்கு மேலே முதலில் வரும் நிறம்தான் தொழிற்சாலை நிறம். நடுவில் பட்டியோ இரண்டாவது பிரைமரோ வந்தால், அதற்கு மேலே உள்ளது எல்லாம் பட்டறை வேலை. இதைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், அதன் தூசு மூச்சில் போகக் கூடாது. மாஸ்க் போடுங்கள், வேலை முடிந்ததும் கழுவிவிடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

நான்காம் படி: மறைந்த பெயிண்டும் பொய் சொல்லும்

அடுத்து அந்தப் பெயிண்ட் என்ன வகை என்று தெரிய வேண்டும். கண்ணில் படாத மூலையில், பஞ்சில் லேக்கர் தின்னர் தொட்டு லேசாகத் தேயுங்கள். நிறம் சட்டென்று பஞ்சில் ஏறினால் லேக்கர். சுலபத்தில் கரையாமல் கொஞ்ச நேரத்தில் மிருதுவானால் அல்லது சுருங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லையென்றால் பெரும்பாலும் பின்னால் வந்த, ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட், அதாவது அசல் அல்ல.

நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும். அதனால் அங்கே மறைந்த இடத்து நிறமே உண்மைக்குப் பக்கம். ஆனால் எண்ணெய் கலந்த அல்கைட் எனாமல் நேர்மாறு, அது இருட்டில் மஞ்சளாகும். ஆண்டுக்கணக்கில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் கிடந்த வெள்ளை, கிரீம் கலராகத் தெரியும். அதையே அசல் என்று நம்பி டேஷ்போர்டு முழுக்கக் கிரீம் அடித்துவிடுகிற ஆபத்து உண்டு. நல்ல வேளையாக இந்த மஞ்சள் வெளிச்சத்தில் பெருமளவு திரும்பிப் போகும். கழற்றக்கூடிய பாகமாக இருந்தால் பாதியை அலுமினியத் தாளால் மூடி, சில நாள் ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் வையுங்கள். திறந்திருந்த பாதி வெளுத்திருந்தால், வெளுத்த பாதியைத்தான் மாதிரியாக எடுக்க வேண்டும். வெள்ளை, ஐவரி, வெளிர் சாம்பல், வெளிர் பச்சை, வெளிர் நீலம் இவற்றுக்கு இந்தச் சோதனையை விடவே கூடாது. மஞ்சள் படிந்த வெளிர் நீலம் பச்சையாகவே தெரியும்.

சிவப்பு வேறு கதை. அந்தக் காலத்துச் சிவப்பு நிறமிகள் பல வெயிலில் வெளுத்துப் போகும். அங்கே மறைந்த இடம் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

அந்த இடத்தை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு நைசான காம்பவுண்டு (பாலிஷ் பேஸ்ட்) வைத்து மெதுவாகத் தேய்த்தால் மேலே படிந்த சுண்ணாம்பு மாதிரியான மாவு போய் உண்மை நிறம் வெளிவரும். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு துண்டு இடத்தைத் தேய்க்காமல் விடுங்கள். தேய்த்த இடத்தில் நிறம் பாருங்கள், தேய்க்காத இடத்தில் பளபளப்பு பாருங்கள். காம்பவுண்டு போட்ட இடம் அசலை விட அதிகமாகப் பளபளக்கும் என்பதால் ஒரே இடத்தில் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காது.

ஐந்தாம் படி: பளபளப்பு நிறத்தின் பாதி

உட்புறம் புதுப்பித்த பத்து வண்டியில் ஒன்பது தவறிப் போவது இங்கேதான் என்பேன். நிறம் அச்சாக இருக்கும், ஆனால் டேஷ்போர்டு கண்ணாடி மாதிரி மின்னும். ஓட்டும்போது முன் கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பு விழும். தொழிற்சாலைகள் டேஷ்போர்டின் மேல்பகுதியை மங்கலாகவும், முகப்பை அதை விடச் சற்றுப் பளபளப்பாகவும், ஜன்னல் சட்டத்தை வேறு அளவிலும் செய்ததற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் 1968 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய பாதுகாப்பு விதி 107, ஹாரன் வளையம், வைப்பர் கை, உட்புறக் கண்ணாடியின் சட்டம் என்று டிரைவரின் பார்வையில் படும் உலோகப் பாகங்களின் பளபளப்பு 20 டிகிரி கோணத்தில் 40 அலகுக்கு மேல் போகக் கூடாது என்றது. அதனால் ஒரே மாடலில் 1967 வண்டிக்கும் 1968 வண்டிக்கும் உள்ளே வித்தியாசம் இருக்கலாம். வருடம் பார்த்து நடங்கள்.

பளபளப்பை அளக்கும் கிளாஸ் மீட்டர் இருந்தால் 60 டிகிரியில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்துக்குக் கீழே வந்தால் 85 டிகிரியில் அளப்பதே முறை. மீட்டர் இல்லையென்றால் ஒரே பெயிண்டை மேட் (மங்கல்), செமி மேட், செமி கிளாஸ் (பாதிப் பளபளப்பு) என்று மூன்று பானலில் அடித்து, ஒரு பல்பின் பிரதிபலிப்பு எவ்வளவு கலங்கித் தெரிகிறது என்று அசலோடு ஒப்பிடுங்கள். அதுவே போதும்.

மேட் ஆகும்போது நிறமே மாறித் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே பெயிண்ட், பளபளப்பாக இருந்தால் ஆழமாகத் தெரியும், மங்கலாக இருந்தால் வெளுத்துத் தெரியும். கறுப்பு, அடர் நீலம், மெரூன் இவற்றில் இது மிக அதிகம். அதனால் முதலில் பளபளப்பைக் குறைக்கும் மேட்டிங் பேஸ்ட் கலந்து பளபளப்பைச் சரி செய்துகொண்டு, பிறகுதான் நிறத்தை நுணுக்கமாகத் திருத்த வேண்டும். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை வேலை.

ஆறாம் படி: கடையில் கலப்பது

கலர் மிக்சிங் கடைக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பாகத்தையே எடுத்துப் போங்கள். கிளவ் பாக்ஸ் மூடி, சாம்பல் கிண்ணத்தின் முகப்பு, சின்ன ஜன்னல் சட்டம் எதுவாக இருந்தாலும் சரி. நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மெஷினுக்குச் சமதளமான, சுத்தமான, மெஷினின் துவாரத்தை முழுதாக மூடுகிற அளவு இடம் வேண்டும். வளைவிலும் கிராக்கிளிலும் அது தடுமாறும். மூன்று நான்கு முறை வெவ்வேறு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

மெஷின் தருவது அதன் நினைவில் உள்ள நிறங்களில் மிக நெருக்கமானது. கூடவே இரண்டு நிறங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சொல்லும் டெல்டா இ என்று ஒரு எண் வரும். 1ஐ ஒட்டி இருந்தால் பழகிய கண்ணுக்கே வித்தியாசம் பிடிபடுவது சிரமம். அது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். மீதி கண்ணால் செய்கிற வேலை. அனுபவமுள்ள கலர்காரர் முதலில் வெளிர்வா அடர்வா என்று பார்ப்பார், அடுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, பச்சைக்கா சிவப்புக்கா என்று, கடைசியில் தெளிவா அழுக்கா என்று. ஒரு தடவைக்கு ஒரு டின்ட்டர் (கலக்கும் நிறச் சரக்கு) மட்டும், அதுவும் தராசில் எடை போட்டு, எழுதிக்கொண்டே. கொஞ்சமாக நூறு கிராம் கலந்து திருத்துங்கள். சரியான பிறகு அந்த விகிதத்தில் முழு அளவு கலக்கலாம். கண் தப்பிக் கறுப்பு கூடிவிட்டால் அதை ஈடு கட்ட வெள்ளை ஊற்றி ஊற்றி ஒரு லிட்டர் நிரம்பிவிடும்.

குச்சியில் தொட்டு ஈரத்தில் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. எனாமல் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி அடர்த்தியாகும். ஸ்பிரே கன்னில் அடித்து, முழுதாகக் காய்ந்த பிறகே ஒப்பிட வேண்டும். பானலின் அடியில் கறுப்பும் வெள்ளையும் கட்டமாக இருக்கட்டும். இரண்டுமே தெரியாமல் மறைய எத்தனை கோட் ஆகிறதோ அத்தனை கோட் வண்டிக்கும் வேண்டும். மெட்டாலிக் நிறமென்றால் காற்றழுத்தம், கன் தூரம், கோட் ஈரமா உலர்வா என்பதிலேயே ஷேடு மாறும். பானல் அடித்த அதே கையும் அதே கன்னும் வண்டியையும் அடிக்கட்டும்.

ஏழாம் படி: எந்த வெளிச்சத்தில் பார்ப்பது

கடையின் டியூப் லைட்டில் அச்சாகப் பொருந்திய நிறம் வாசலில் வந்ததும் பிரிந்துவிடும். இன்றைய நிறமிகள் அன்றைய நிறமிகள் அல்ல. வேறு சரக்கைக் கலந்து அதே நிறத்தைக் கொண்டுவரும்போது ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும், இன்னொன்றில் போகாது. பகல் வெளிச்சத்தில் நிழலில் பாருங்கள், நேர் வெயில் வேண்டாம். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் உத்தமம். பக்கத்தில் சிவப்புச் சுவரோ பச்சைத் தார்ப்பாயோ இருந்தால் அதன் சாயல் பானலில் விழும். பிறகு மஞ்சள் பல்பில் ஒரு முறை, டியூப் லைட்டில் ஒரு முறை. மூன்றிலும் பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தாவிட்டால் பகல் வெளிச்சத்துக்கே முதலிடம் கொடுங்கள். வண்டியைப் பார்ப்பது அப்போதுதானே.

கடைசியாகப் பானலை வண்டிக்குள்ளேயே வைத்து, கதவை மூடி, சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியில் பச்சைச் சாயல் இருந்தாலும் சரி, சீட்டின் சிவப்பு டேஷ்போர்டில் ஏறினாலும் சரி, இங்கே தெரிந்துவிடும். பானலும் அசல் மாதிரியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே சாய்வில் இருக்க வேண்டும். டேஷ்போர்டின் மேல்பகுதி படுத்திருக்கும், முகப்பு நின்றிருக்கும். ஒரே பெயிண்ட் இரண்டிலும் வேறாகத் தெரிவது இயல்பு.

எட்டாம் படி: அடிக்கும்போது

சோதனைப் பானலில் எந்த நிறப் பிரைமரோ, வண்டியிலும் அதுவே. மேட் பெயிண்டைத் தொடர்ந்து கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேட்டிங் சரக்கு அடியில் தங்கிப் பாதி டேஷ்போர்டு பளபளக்கும். ஒரு கோட் கனமாக விழுந்தாலும் பளபளப்பு மாறும். மேட்டில் தூசு விழுந்தால் தேய்த்துப் பாலிஷ் போட முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் மின்னும். திரும்ப அடிப்பதுதான் வழி. ஆகையால் அடிக்கும் இடத்தின் சுத்தம் வெளி பெயிண்டுக்குக் காட்டுவதை விட இங்கே அதிகம் வேண்டும்.

அசல் லேக்கரிலேயே செய்ய ஆசைப்படுகிறவர்கள் சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. ஈரக் காற்றில் லேக்கர் பால் மாதிரி வெளுக்கும். தவிர்க்க முடியாவிட்டால் காய்வதை மெதுவாக்கும் ரிடார்டர் தின்னர் சேர்க்க வேண்டும். உறுதி முக்கியம் என்றால் மேட் டூ-கே நல்ல தேர்வு. உட்புறத்தில் நிறமும் பளபளப்பும் சரியாக அமைந்துவிட்டால் எந்த வகைப் பெயிண்ட் என்று கண்ணால் சொல்வது கடினம். ஆனால் டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் உண்டு. அதற்கு வெளியிலிருந்து காற்று தரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. சாதாரணத் துணி மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அடிக்க யாரையும் விடாதீர்கள். பெயிண்டர் வேறு ஆளாக இருந்தாலும் அந்தப் பொறுப்பு வண்டிக்காரருக்கும் உண்டு.

பிளாஸ்டிக் பாகங்களையும் ரெக்சினையும் இதே பெயிண்டில் அடிக்க வேண்டாம், உரிந்து வரும். அவற்றுக்கென்று வளைந்து கொடுக்கும் பெயிண்ட் உண்டு. அதை இந்த இரும்பு நிறத்துக்குப் பொருத்திக் கலக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதி வையுங்கள்

டின்ட்டர் வாரியாக கிராம் கணக்கு, பெயிண்ட் வகை, மேட்டிங் விகிதம், தின்னர், கன் அழுத்தம், கோட் எண்ணிக்கை, தேதி, எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி, அதே பெயிண்ட் அடித்த பானல் துண்டையும் சேர்த்து இருட்டிலும் ஒன்று, வெளிச்சத்திலும் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். கடைக்காரரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். மிச்சப் பெயிண்டைச் சின்ன டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி மூடினால், உள்ளே காற்று குறைவாக இருப்பதால் ஆடை படியாமல் அதிக நாள் தாங்கும். ஹார்டனர் சேர்த்ததை வைத்துப் பயனில்லை, சேர்க்கும் முன் எடுத்து வையுங்கள்.

கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் அசல் பெயிண்ட் கண்டுபிடித்த இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். தீப்பெட்டி அகலம் போதும். அடித்து முடித்து டேப்பை எடுத்ததும் பக்கத்திலேயே வருடத்தைச் சின்னதாக எழுதிவிடுங்கள். அடுத்த முறை இந்த வண்டியைப் பிரிக்கிறவருக்கு அது தேவைப்படும்.